மாப்பிள்ளைக்குக் கால் ஜில்லிட்ட கதை

இங்கிலீசு பேப்பர் படிக்கிறீங்களே தம்பி, அதனால கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு மனுசன் வாழ்நாள் பூரா இங்கிலீசோடயே குடும்பம் நடத்தியிருக்கான்னு வைங்க. அவனைப் பாத்து நேத்துப் பொறந்த பய ஒருத்தன், பந்தியில அத்தனை பேரு முன்னாடி, "மாமா, உங்களுக்கு இங்கிலீசே தெரியல"ன்னு சொன்னா வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க. கோயமுத்தூர் போயிச் சேர இன்னும் நேரங் கெடக்குது.

என்ர பேரு சென்னியப்பன். கரூர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வச்சிருந்தேன். இங்கிலீசு ஹையர், பர்ஸ்ட் கிளாஸ். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாம அடிப்பேன். பேங்க் மேனேஜர்ல இருந்து வக்கீலு வரைக்கும் என்ர கடையிலதான் வந்து நிப்பாங்க. அவங்க எழுதித் தந்த இங்கிலீசு பூரா இந்த விரல் வழியாத்தான் போயிருக்குது. அர்த்தமா? அர்த்தம் எதுக்குங்க தனியா? வார்த்தை தெரிஞ்சா அர்த்தம் தன்னால வரப்போவுது. வார்த்தைக்கு வார்த்தை. அதுதான் நம்ம கொள்கை.

எங்கக்கா மயிலாத்தாள். மச்சான் காளியண்ணன், பெட்ஷீட் வியாபாரம். அவங்களுக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. இங்கிலீசுலயே எம்.ஏ. படிச்சுப்போட்டு லண்டன் பக்கத்துல ஒரு ஊர்ல வேலைக்குப் போச்சுங்க. போன புள்ள சும்மா இருக்கோணுமில்ல? ஒரு வெள்ளைக்காரப் பையனைப் புடிச்சுக்கிச்சு. பேரு கிரெக். ஆறு மாசம் வூட்டுல ரகளை. அக்கா சோறு திங்கல. மச்சான் போனை எடுக்கல. கடைசியில நான்தான் போயிச் சொன்னேன்: "மச்சான், பையன் வெள்ளைக்காரனா இருந்தா என்ன, பேசறதுக்கு நான் இருக்கறேன்"னு. அதுக்கப்பறந்தான் மனசு எறங்குனாரு.

வைகாசியில கல்யாணம், கரூர்லயே. பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கறப்பவே பையனும் அவங்கப்பா அம்மாவும் வந்து எறங்கிட்டாங்க. அப்பா பேரு நைஜல். அம்மா பேரு மாரியன். எங்கக்கா மொத நாளே அதை மாரியம்மாவா ஆக்கிப்போட்டா. அந்தம்மாவும் கூப்பிட்டா திரும்பிப் பாக்குது, அப்பறம் என்ன?

பெரியவங்க நேர்ல உக்காந்து நாலு வார்த்தை பேசோணுமில்லைங்க? உக்காந்தோம். "நானே மொழிபெயர்த்துச் சொல்றேன் மாமா"ன்னு சிந்துஜா சொல்லுச்சு. நான் விடுவேனா? "கல்யாணப் பொண்ணு தன் கல்யாணத்தைத் தானே பேசறது லட்சணமா கண்ணு? தாய்மாமன் எதுக்கு இருக்கறேன்?"னு கேட்டேன். ஓரமாப் போயி அந்தப் பையன் பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

மொதல்ல எல்லாம் சுகமாத்தான் போச்சு. அந்த நைஜலு, "ஐயம் ஓவர் த மூன்"னாரு. "நிலாவுக்கு மேல இருக்காராம்"னு சொன்னேன். மச்சான் என்ர காதுகிட்ட வந்து, "காலையிலயே போட்டுட்டாரா?"ன்னு கேட்டாரு. நான், "குளிர் நாட்டுக்காரங்க, அப்படித்தான் இருப்பாங்க"ன்னேன்.

அப்பறம், பெரியவங்க யாராச்சும் இருக்காங்களான்னு அக்கா கேட்டா. அதுக்கு அவரு, "மை ஃபாதர் கிக்டு த பக்கெட் லாஸ்ட் இயர்"னாரு. நான் அப்படியே சொன்னேன்: "பையனோட தாத்தா போன வருசம் வாளியை எட்டி ஒதைச்சுப்போட்டாராம்."

"எதுக்காம்?"னா அக்கா.

"தண்ணி வல்லையா இருக்கும்"னாரு மச்சான். நம்ம ஊரு பழக்கத்துல சொல்லிப்போட்டாரு. "சரி, அவரு கல்யாணத்துக்கு வருவாரான்னு கேளு."

கேட்டேன். நைஜல் என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, மறுக்கா அதையே சொல்றாரு. வாளியை ஒதைச்சுட்டாருன்னு. கால்ல நல்ல அடியாட்டம் இருக்குது, அதான் பயணம் பண்ண முடியலன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். மச்சானுக்கு எளகின மனசு. "கூட்டியாரச் சொல்லு, எண்ணெய் போட்டு நீவிவிட்டாச் சரியாயிரும்"னாரு. நான் இங்கிலீசுல, "பிரிங் ஹிம். வி வில் மசாஜ்"னேன். அந்த மாரியம்மா கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிச்சு தம்பி. மாமனாரு மேல அந்தப் பாசம்! நம்மூர்ல எந்த மருமக அழுவுவா, சொல்லுங்க.

சிந்துஜா சீலை முந்தானையை வாயில அமுக்கிட்டுச் சமையக்கட்டுக்குள்ள ஓடிருச்சு. வெக்கம்.

அந்தப் பக்கம் பேசறதை மட்டுமில்ல, இந்தப் பக்கம் பேசறதையும் நான்தான மாத்திச் சொல்லோணும்? "எங்க பொண்ணைக் கிளியாட்டம் வளத்துருக்கோம்"னு அக்கா சொன்னதை, "ஷி இஸ் க்ரோன் லைக் பேரட்"னு சொன்னேன். "ஹவ் லவ்லி"ன்னாங்க. "உங்களை நேர்ல பாத்தது வயித்துல பாலை வார்த்தாப்பல இருக்குது"ன்னு மச்சான் சொன்னதுக்கு, "யூ ஆர் போரிங் மில்க் இன் ஹிஸ் ஸ்டமக்"னேன். அந்தம்மா கையில இருந்த பாலு டம்ளரைப் பதமாக் கீழ வச்சுது. ஒழுக்கமா வளத்துருக்காங்க, மத்தவங்க பாலைக் குடிக்கக் கூடாதுன்னு.

கொஞ்ச நேரங் கழிச்சு நைஜலு மூஞ்சி மாறிப்போச்சு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "ஐ வாண்ட் டு புட் மை கார்ட்ஸ் ஆன் த டேபிள்"னாரு. சீட்டை மேசை மேல வைக்கோணும்ங்கறாரு. மச்சானுக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. வியாபாரிங்க சங்கத்துல ரம்மியில அவரை அடிக்க ஆளில்ல. "சம்பந்தி நம்மாளுடா சென்னி!"ன்னு சொல்லிப்போட்டு, பீரோவுல இருந்து சீட்டுக்கட்டை எடுத்தாந்து மேசை மேல வச்சுட்டாரு. நைஜல் சீட்டைப் பாக்கறாரு, மச்சானைப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு. மச்சான் கலைச்சுப் போட்டுட்டாரு. போட்ட சீட்டை எடுக்காம இருக்க முடியுமா? எடுத்துக்கிட்டாரு.

ரம்மி போயிக்கிட்டிருக்குதுங்க. பாதி ஆட்டத்துல, கையில சீட்டை வச்சுக்கிட்டே, மெதுவா என்ர பக்கம் திரும்பி அவரு சொல்றாரு. "கிரெக் காட் கோல்டு ஃபீட் ஒன்ஸ் பிஃபோர். த வெரி மார்னிங். வி தாட் யூ ஷுட் நோ."

நான் அப்படியே, ஒரு எழுத்து கூடக் கொறைய இல்லாம சொன்னேன். "பையனுக்கு முன்னாடி ஒரு தடவை பாதம் ஜில்லிட்டுப் போச்சாம். வெடியால நேரத்துல. நமக்குத் தெரியோணும்னு சொல்றாரு."

அக்கா கையில இருந்த முறுக்குத் தட்டு கீழ போயிருச்சு.

தம்பி, நம்மூர்ல பாதம் ஜில்லிட்டுப் போச்சுன்னா எதுக்குச் சொல்லுவோம்? ஒறம்பரைக்குச் சாவு சேதி சொல்லி விடறதுக்குத்தான சொல்லுவோம்? "அக்னி நட்சத்திரத்துல வேர்த்து ஊத்துது, இதுல காலு ஜில்லுங்குமாடா? ரத்தம் ஓடாத பையனா?"ன்னு மச்சான் சீட்டைக் கவுத்துப்போட்டுட்டாரு. கையில ஜோக்கர் இருந்துச்சு, அதையும் கவுத்துட்டாரு. அந்த அளவுக்கு மனசு ஒடிஞ்சுபோச்சு.

நான் அப்பத்தான் சிந்துஜாவைப் பாத்தேன். சமையக்கட்டு நெலைவாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. மூஞ்சியில ரத்தமே இல்ல. பாவம், அதுக்கும் தெரியாது போலிருக்குது. வியாதியை மறைச்சுட்டானே பையன்னு எனக்கே கோவம். அந்தப் பையன் கிரெக்கு தலையைத் தூக்கவே இல்ல.

புள்ள வெடுக்குனு திரும்பி, "மாடிக்கு வா"ன்னு அவனை இங்கிலீசுல கூப்பிட்டுக்கிட்டுப் போயிருச்சு. மத்தியானம் பூரா மாடியில பேச்சு. சத்தமாக் கேட்டுச்சு, அப்பறம் சத்தமே கேக்கல. மருந்து மாத்திரை என்ன எடுத்துக்கறான்னு விசாரிச்சிருக்கும். பொழுதோட எறங்கி வந்துச்சு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. நான் பக்கத்துல போயி, "கண்ணு, இதுக்கெல்லாம் பயப்படலாமா? ஜில்லுன்னு இருக்கற காலைச் சூடு பண்ண முடியாதா?"ன்னேன்.

"மறுபடியும் வந்தா என்ன மாமா பண்றது?"

"வந்தா உக்காந்து தேச்சுவிடு. வியாதி வந்தவனைத் தொரத்தியா விடறது?"

அது என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அழுகுதா சிரிக்குதான்னு தெரியல. அப்பறம் உள்ள போயி அவங்கப்பன்கிட்ட, "பரவால்லப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் பாத்துக்கறேன்"னு சொல்லிருச்சு. மச்சான் அப்பறம் மறு பேச்சுப் பேசல. பத்திரிகை குடுத்தாச்சு, என்னத்தைப் பேசறது?

இந்த எடத்துல ஒண்ணு சொல்லிப்போடறேன். "டை த நாட்"னு அவங்க சொல்றாங்களே, முடிச்சுப் போடறதுன்னு, அதைக் கல்யாணம்னு நான் சரியாச் சொன்னேனுங்க. நம்மளும் முடிச்சுத்தான் போடறோம், அவங்களும் முடிச்சுத்தான் போடறாங்க. அப்ப வார்த்தைக்கு வார்த்தை சரிதான? அதுக்கு மட்டும் யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க.

சரி, கல்யாணத்துக்கு மொத நாளு. பொழுதோட ரிசப்சன். மத்தியானம் மாப்பிள்ளையைத் துணிமணிப் பையோட மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். போற வழியில ரவுண்டானாவுல மச்சான் பிளக்ஸ் வச்சிருந்தாரு. சாதாரண பிளக்ஸா? மூணு மாடி ஒசரம். பட்டு வேட்டி, தோள்ல துண்டு, நெத்தியில சந்தனத்தோட அந்தப் பையன் கைகூப்பிக்கிட்டு நிக்கிறான். தலை மட்டும் அவன்து, ஒடம்பு ஸ்டுடியோக்காரன் யாருதையோ வெட்டி ஒட்டிப்போட்டான். சுத்தியும் பெட்ஷீட் வியாபாரிங்க அத்தனை பேரு போட்டோவும் வாழ்த்தோட. மண்டபத்துக்குள்ள போனா கடல் மாதிரி நாற்காலி. "ஹவ் மெனி பீப்பிள்?"னு பையன் கேக்க, மச்சான், "ஊரே வருது மாப்பிள்ளை!"ன்னு முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு.

அரை மணி நேரங் கழிச்சு அந்த நைஜலு என்னைய ஓரமாக் கூப்பிட்டாரு. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. ஏற்கெனவே வெள்ளைதான், அதுலயும் வெளுத்துருச்சு. "கிரெக் இஸ் கான். கோல்டு ஃபீட். அகெய்ன்."

மத்தவனா இருந்தா அங்கயே ஒப்பாரி வச்சிருப்பான். நான் வைக்கல. வியாதி வந்துருச்சு, ஆளு வைத்தியத்தைத் தேடிப் போயிருக்குது, நாம போயிக் கூட்டியாரோணும், அவ்வளவுதான? யாருகிட்டயும் சொல்லாம டிவிஎஸ் வண்டியை எடுத்தேன். எந்த மெடிக்கலுக்குப் போயிருப்பான்னு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போறேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட நாலு மெடிக்கல் இருக்குது. அங்க போயித் தேடறப்பப் பாத்தா, பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே, திருச்சி பஸ் நிக்கிற எடத்துல, சிமெண்டு பெஞ்சு மேல உக்காந்திருக்கான். மடியில பெரிய பை. கையில பாஸ்போர்ட். விவரமான பையன். ஆஸ்பத்திரியில சேக்கறப்ப அடையாளம் கேப்பாங்கன்னு எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்.

பக்கத்துல போயி உக்காந்தேன். "கோல்டு ஃபீட்?"னேன்.

என்னையப் பாத்தான். கண்ணுல தண்ணி ரொம்பிக்கிச்சு. "யெஸ்"னான். "வெரி கோல்டு."

எந்திரிச்சு எதுத்தாப்பல நாட்டு மருந்துக் கடையில சுக்குத் தூளு வாங்கிட்டு வந்தேன். கீழ உக்காந்து அவன் காலைத் தூக்கி என்ர மடியில வச்சு, ஷூவைக் கழட்டுனேன். "நோ, நோ"ன்னு இழுக்கறான். விட்டாத்தான? சாக்ஸையும் உருவிட்டேன். இதை மட்டும் உண்மையைச் சொல்லோணும் தம்பி. காலு சுட்டுச்சு. அந்த வெயில்ல ஷூவுக்குள்ள கெடந்த காலு, தோசைக் கல்லாட்டம் சுட்டுச்சு. எனக்கே ஒரு நிமிசம் கொழப்பம். அப்பறந்தான் தோணுச்சு. உள்ஜுரம்னு இருக்குதில்லைங்க? வெளிய தொட்டாத் தெரியாது, உள்ளுக்குள்ள கொதிக்கும். அந்த மாதிரி இது உள்குளிரு. தேய் தேய்னு தேச்சேன்.

கூட்டம் கூடிருச்சு. பூக்காரம்மா, சுண்டல் விக்கறவரு, எல்லாரும் சுத்தி நின்னுட்டாங்க. திருச்சி பஸ் வந்து நின்னு, கண்டக்டரு "திருச்சி, திருச்சி"ன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. பையன் பஸ்ஸைப் பாக்கறான். ஒரு காலு என்ர மடியில. இன்னொரு காலு ஷூ இல்லாம. கண்டக்டரு வேற வந்து, "வெள்ளைக்காரத் தம்பி ஏறுதா இல்லையா?"ன்னாரு. "ஒடம்பு சரியில்லாத பையனை எங்கய்யா ஏத்தறே, போ"ன்னு வெரட்டிவிட்டேன். பஸ் போயிருச்சு.

அப்பறம் அவன் மெதுவாக் கேட்டான், சிந்துஜா கோவமா இருக்காளான்னு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல, இல்ல, எனக்கு எல்லா இங்கிலீசும் தெரியும், அவனுக்குப் புரியற இங்கிலீசுல சொன்னேன். "வொய் ஆங்ரி? எனிபடி கெட்டிங் கோல்டு ஃபீட். மீ ஆல்சோ ஓல்டு மேன், கமிங். கோல்டு ஃபீட் கம், வி ரப். அகெய்ன் கம், அகெய்ன் ரப். அவர் ஃபேமிலி, நாட் லீவிங் எனிபடி."

பையன் குலுங்கிக் குலுங்கி அழுதுட்டான். சுண்டல்காரரு ஒரு பொட்டலம் குடுத்து, "சாப்பிடு கண்ணு"ன்னாரு. தின்னுக்கிட்டே சொன்னான். முன்னாடி ஹெலன்னு ஒரு புள்ளையாம். சர்ச்சுல கல்யாணம். அன்னைக்கு வெடியால இது வந்துருச்சாம். கல்யாணம் நடக்கலையாம். அந்தப் புள்ளையை நெனைச்சா இன்னும் தூக்கம் வல்லைங்கறான். நான் என்ன சொல்றது? வியாதிக்காரன்னு தெரிஞ்சதும் அந்த ஹெலன் விட்டுட்டுப் போயிருச்சு. அந்த ஊரு புள்ளைங்களுக்கு ஈவு எரக்கம் கம்மி. "ஃபர்கெட் ஹெர். பேட் கேர்ள்"னேன். "நோ, ஷி வாஸ் குட். ஐ வாஸ் பேட்"ங்கறான். எப்படித் தங்கமான பையன் பாருங்க, விட்டுட்டுப் போனவளை விட்டுக்குடுக்கல.

அப்பறம் அவனே எந்திரிச்சு ஷூவைக் கையில புடிச்சுக்கிட்டு, "கேன் வி கோ பேக்?"னான். பையை முன்னாடி வச்சு, அவனைப் பின்னாடி ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ரவுண்டானாவுல அவன் பிளக்ஸுக்குக் கீழ சிக்னல் விழுந்துச்சு. வெறுங்காலோட என்ர பின்னாடி உக்காந்து, மேல அண்ணாந்து பாத்துச் சிரிக்கிறான். டிராபிக் போலீசு மேலயும் கீழயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு ஒரு சல்யூட் வச்சாரு.

கல்யாணம் ஜோராத்தான் நடந்துச்சு. மாப்பிள்ளை முடிச்சை நல்லா இறுக்கியே போட்டான். பிரச்சினை வந்தது மறு நாளு விருந்துலதான்.

பந்தியில உக்காந்திருக்கோம். நான் நாலு பேருகிட்ட, சம்பந்தி பேசுனதை நான் மாத்திச் சொன்னதையும், மாப்பிள்ளைக்குப் பண்ணுன வைத்தியத்தையும் சொல்லிக்கிட்டிருக்கேன். அப்ப மச்சானோட தம்பி பையன், தருண்குமார்னு பேரு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, அவன் வெடிச்சுச் சிரிச்சான் பாருங்க, ரசம் மூக்கு வழியா வந்துருச்சு. "மாமா, உங்களுக்கு இங்கிலீசே தெரியல! கோல்டு ஃபீட்னா காலு ஜில்லுனு ஆவறதில்ல. கடைசி நேரத்துல பயந்து பின்வாங்கறதுக்கு அப்படிச் சொல்லுவாங்க. சீட்டை மேசை மேல வைக்கறதுன்னா மனசுல இருக்கறதை ஒளிக்காமச் சொல்றது. வாளியை ஒதைச்சாருன்னா செத்துப்போயிட்டாருன்னு அர்த்தம்"ங்கறான்.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "செத்தவன் எப்படிடா ஒதைப்பான்?"னு கேட்டேன். மூக்கைத் தொடைச்சுக்கிட்டான். "சரி, பயத்துக்குச் சுக்குத் தூளு கேக்குமாடா? நான் தேச்சேன், சரியாப்போச்சு. அர்த்தம் தப்புன்னா எப்படிடா வியாதி தீரும்?"னு கேட்டேன். பந்தி பூரா கொல்லுனு சிரிப்பு.

மச்சான் மட்டும் சிரிக்கல. எலையில வச்ச கையை எடுத்துட்டாரு. "இரு. பின்வாங்கறதுன்னா, மாப்பிள்ளைக்கு முன்னாடி ஒரு தடவை வந்துச்சுன்னு சம்பந்தி சொன்னாரே, அது என்னது?"ன்னாரு. கிரெக்குக்குத் தமிழு தெரியாது. ஆனா மச்சான் மூஞ்சியைப் பாத்து, எலையில இருந்த ஜாங்கிரியைத் திங்காம வச்சுட்டான்.

சிந்துஜா எந்திரிச்சுச்சு. "தருணு, நீ சினிமாவுல பாத்துப் படிச்ச இங்கிலீசு அது. நான் எம்.ஏ. படிச்சிருக்கேன், அந்த ஊர்லயே இருக்கறேன். அங்க அது ஒரு கோளாறுதான். குளிர் தேசத்துல நெறையப் பேருக்கு வரும். மாமா சொன்னதுதான் சரி"ன்னு பட்டுனு சொல்லிப்போட்டு, அவங்கப்பன் எலையில அதுவே ரசத்தை ஊத்துச்சு. மச்சான் அதுக்கு மேல கேக்கல. சோத்தைப் பெசைஞ்சாரு. தருணுப் பயலுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. படிச்ச புள்ள சொன்னா அப்பீலு ஏது? ஆனா பாருங்க தம்பி, அந்தப் பய இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறான். குடும்ப வாட்ஸப் குரூப்புல எனக்குச் 'சுக்கு மாமா'ன்னு பேரு வச்சிருக்கான். அதுதான் எனக்கு ஆறல.

கை கழுவற எடத்துக்கு நான் போனேன். பின்னாடியே சிந்துஜா வந்துச்சு. பைப்பைத் தொறந்துவிட்டுட்டு, கழுவுன கையையே கழுவிக்கிட்டிருந்துச்சு.

"மாமா, அவரு எங்க இருந்தாரு அன்னைக்கு?"

"பஸ் ஸ்டாண்டுல கண்ணு."

"எந்த பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தாரு?"

"பஸ்ஸா? பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கிறாரு? நெழலுக்கு உக்காந்திருந்தாரு."

"பை வச்சிருந்தாரா மாமா?"

"வச்சிருந்தாரு. பெரிய பை. நான்தான் வண்டியில எடுத்தாந்து மண்டபத்து மாப்பிள்ளை ரூமுல வச்சேன். பிரிச்சு அடுக்கட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. அவரே துணியெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து, மடிச்சு, பீரோவுல அடுக்குனாரு. நீ சீலை வைக்கறதுக்குக் கீழ் தட்டைக் காலியா விட்டிருந்தாரே, பாக்கலையா?"

"அவரேவா அடுக்குனாரு?"

"அவரேதான் கண்ணு. நான் பக்கத்துலயே நின்னேன்."

பைப்பை மூடுச்சு. ஈரக் கையோட என்ர தோளைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. அப்பறம் மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "வாங்க மாமா, பாயசம் ஆறிப்போயிரும்"னு கூட்டிட்டுப் போயிருச்சு.